அசையாத ஃபாஸ்ட்

கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். இன்று அதில் சில வண்டிகளுக்கு ‘ஃபாஸ்ட்’ என்று பெயர். இடையில் சில நிலையங்களில் நிற்காது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது ஓடவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அசையாத, இறுகிய என்றே பொருள். சாயம் போகாத துணியை தி.நகர் கடைக்காரர் இன்னும் ‘ஃபாஸ்ட் கலர்’ என்கிறாரே, அது அந்தப் பொருளின் மிச்சம். உண்ணாநோன்புக்கு அதே சொல் வந்ததும் உறுதியாகக் கடைப்பிடிப்பது என்ற கருத்தில்தான். விடாமல் ஓடு, முழு பலத்தோடு ஓடு என்று சொல்லிச் சொல்லி, இடைக்கால ஆங்கிலத்தில் அது வேகமாக ஓடு என்றாகிவிட்டது. இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. கடும் வெயில், கடுஞ்சொல் என்று கடுமை காட்டும் நம் ‘கடு’வும் ‘கடுகி வா’ என்னும்போது விரைவாகிவிடுகிறது. சங்கப் புலவர்களின் கடும்பரி, குதிரையின் விரைந்த ஓட்டம்.

சுங்கக் கட்டணத்துக்காக வண்டிகளில் 2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக் வில்லை இரண்டு பொருளையும் சேர்த்துச் சுமக்கிறது. கண்ணாடியில் ஒட்டினால் முழுசாக உரிக்க வராது; பழைய பொருள் சரி. புதுப் பொருளை, பொங்கல் முடிந்து ஊரே திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியில் விசாரிக்க வேண்டும். பெருங்களத்தூர் வருவதற்குள் பழைய ஆங்கிலமே ஜெயித்துவிடும்.