பின்னமும் பின்தங்கும் சிறாரும்

கணிதத்திற் பின்தங்கும் சிறாரை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கூட்டலும் கழித்தலும் ஒருவாறு செய்துவந்த பிள்ளை, பின்னம் வந்தவுடன் திகைத்து நின்றுவிடுகின்றது. ஆசிரியர் 'மந்தம்' என்கின்றார்; பெற்றோர் 'தலைவிதி' என்கின்றனர்; பிள்ளையும் அதனையே நம்பிக் கணிதத்தை அறவே வெறுக்கின்றது. இத்தீர்ப்பு பெரும்பாலும் அநீதியானது என்பது எமது கருத்து.

நான்கினும் எட்டுப் பெரிதென்று கற்ற பிள்ளை, 1/4 என்பதினும் 1/8 பெரிதென்கின்றது. 1/2-உம் 1/3-உம் கூட்டச் சொன்னால், மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டி 2/5 என்கின்றது. இது மடமை அன்று. முழு எண்ணிற் கற்ற நெறியைப் புதிய இடத்திற் செலுத்துதலேயாம். அப்பொழுது நாம் செய்வது யாது? 'பகுதியைச் சமமாக்கு, குறுக்கே பெருக்கு' என விதிகளை ஓதுகின்றோம். நெல்லையே கண்டறியாதவனுக்கு மரக்காற் கணக்கு ஓதுதலை இஃது ஒக்கும்.

நம் தாய்மொழியோ அளவை முன்னிறுத்திப் பெயரிட்டுள்ளது. அரை, கால், அரைக்கால் என்ற பெயர்களை நோக்குக. காலிற் பாதியே அரைக்கால் என்று பெயரே கூறுதலின், அது காலினும் பெரிதென எப்பிள்ளையும் மயங்காது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. மா 1/20, காணி 1/80, ஒரு மாவுக்கு நான்கு காணி, ஆகவே மாகாணி ஐந்து காணி, அதாவது 1/16. பகுதியைச் சமமாக்கும் வித்தை முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. 1957-ஆம் ஆண்டில் நூறு காசு முறை வருமுன்னர், பதினாறணா ரூபாயைக் கையாண்ட சிறுவர்க்கு இவ்வளவுகள் கடைத்தெருவிலேயே பழகின.

பழைய எண்சுவடியைப் பிரம்புடன் மீண்டும் கொணர வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டா. 1/320 ஆகிய முந்திரி வரை பொருளறியாது ஒப்புவித்தலும், இன்றைய விதிகளைப் பொருளறியாது ஒப்புவித்தலும் ஒரே பிழையாம். வேண்டுவது அளவுணர்ச்சி. ஒரு காகிதப் பட்டையைப் பிள்ளையே இரண்டாக, நான்காக, எட்டாக மடிக்கட்டும். மடிப்புத் தோறும் துண்டு சிறுத்தலைக் காணட்டும். பின்னர் அவ்விடங்களை எண்கோட்டிற் குறிக்கட்டும். 2/5 அரைக்கு இப்பால் நிற்றலை அக்கோட்டிற் கண்ட பிள்ளை, 'அரையோடு ஒன்றைக் கூட்ட, அரையினும் குறையுமோ?' எனத் தானே வினவித் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும். அதன் பின்னரே விதி வரல் வேண்டும்.

எண்ணுணர்வே இயல்பில் குன்றிய சிறாரும் சிலர் உளர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறையையும் கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அன்னார்க்குப் பட்டையும் கோடும் பன்னாள் வேண்டும். ஏளனம் ஒருநாளும் வேண்டா. இதனைச் சிறு விஷயமென இகழ்தல் தகாது. பத்து வயதிற் பின்னத்தை உணர்ந்த அளவு, பின்னர் உயர்பள்ளியில் இயற்கணிதத் தேர்ச்சியை முன்னுணர்த்துகின்றது என, அமெரிக்க, ஆங்கிலேய மாணவரிடையே நிகழ்த்தி 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டுகின்றது.

ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருக்கும் நம் கல்லூரி நண்பர் பலர். வகுப்பின் கடைப் பலகையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் முதலிற் செல்லுங்கள். விதியை வைத்துவிட்டு ஒரு காகிதப் பட்டையைக் கொண்டு செல்லுங்கள். அப்பிள்ளையின் அறிவை அளக்குமுன் நம் போதனையை அளந்துகொள்ளுதல் நமது கடன்.