பைக் பக்கம்: போடிமெட்டு மழையும் ஒரு சார்ஜர் சாக்கெட்டும்

போடி பஸ் ஸ்டாண்டுல வெயில் மண்டையைப் பிளக்கும். முந்தல் தாண்டி நாலு வளைவு ஏறினா காத்து மாறும். புலியூத்து கிட்ட வர்றப்போ மேகம் ரோட்டுலயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். போடிமெட்டு டீக்கடையில வண்டியை நிறுத்தி ஜீன்ஸைப் பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும். ஆயிரம் மீட்டர் உயரம், 17 கொண்டை ஊசி வளைவு... ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊரு சீசனைப் பார்த்துடலாம்!

அந்த ரோட்டுல நானும் என் ஃப்ரெண்டும் ஒரு ஐப்பசி மாசம் மாட்டின கதையைச் சொல்றேன். காலேஜ் லீவு. பூப்பாறைக்கு வண்டியை விட்டோம். பயல் முந்தின நாள்தான் ஹேண்டில்பார்ல யு.எஸ்.பி. சார்ஜர் சாக்கெட் மாட்டியிருந்தான். நெட்டுல வாங்கினது. டப்பாவுல ‘ஐ.பி. 67 வாட்டர் ப்ரூஃப்’னு கொட்டை எழுத்து. ரோட்டோரக் கடை ஒண்ணுல பத்தே நிமிஷத்துல ஹெட்லைட் வயரைச் சுரண்டி, முறுக்கி, கருப்பு டேப் சுத்திக் கொடுத்துட்டாங்க. “மாப்ள, இனிமே சார்ஜ் டென்ஷனே கிடையாது!”

திரும்பி வரும்போது மணி ஆறரை. மெட்டைத் தாண்டி இறங்க ஆரம்பிச்சதும் மழை. மழைன்னா சாதா மழை இல்லை... பக்கவாட்டுல அடிக்கிற மழை. அஞ்சாறு வளைவு இறங்கியிருப்போம், ஹெட்லைட் பொசுக்குனு போச்சு. இன்ஜின் ஓடுது, லைட் மட்டும் இல்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எதுவுமே இல்லை. எத்தனாவது வளைவுன்னு எழுதியிருக்கிற போர்டுகூட கண்ணுக்குத் தெரியலை. எனக்குக் கை நடுங்கினது குளிர்லன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொய்!

செல் டார்ச்சுல சைடு கவரைக் கழட்டினா லைட் ஃப்யூஸ் கருகிக் கிடந்துச்சு. பக்கத்துலயே ஸ்பேர் ஃப்யூஸ் ஒண்ணு. (உங்க வண்டியிலயும் இருக்கலாம். இன்னிக்கே பாருங்க.) ‘தப்பிச்சோம்டா’ன்னு அதை எடுத்துச் சொருகினோம். டப்! அதுவும் காலி. சாக்கெட்டுக்குள்ள தண்ணி நிக்குது, ரெண்டு முனையும் தொட்டுக்கிட்டு இருக்கு, அந்த வயரைக் கழட்டாம எத்தனை ஃப்யூஸ் போட்டாலும் எரியத்தானே செய்யும்? அந்த நேரத்துல ரெண்டு பேருக்குமே மூளை வேலை செய்யலை.

அப்ப ஒரு ஜீப் வந்துச்சு. ஏலத்தோட்டத்துக்குக் கீழேயிருந்து ஆள் ஏத்திட்டுப் போய்ச் சாயங்காலம் இறக்கிவிடுற ஜீப். டிரைவர் அண்ணன் நிறுத்தி, சாக்கெட்டைப் பார்த்தாரு, எங்களைப் பார்த்தாரு. “தம்பி, செல்லுக்குச் சார்ஜ் ஏத்த ஹெட்லைட்டைக் குடுத்துட்டீகளாப்பா?” உள்ளே இருந்த அக்காங்க எல்லாம் சிரிச்சாங்க. சிரிப்பு தப்பில்லை, நியாயம்தான். அவர் முன்னாடி மெதுவா உருட்ட, அந்தச் சிவப்பு டெயில் லைட்டைப் பிடிச்சுக்கிட்டே முந்தல் வரைக்கும் இறங்கினோம். இப்ப நினைச்சா அதுவே தப்பு. வண்டியை ஓரமாப் போட்டுட்டு ஜீப்புல ஏறியிருக்கணும்.

மறுநாள் போடியில தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். சாக்கெட்டைப் பிளந்து காட்டினாரு. உள்ளே செம்புக் குடத்துல பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. மாட்டி ஒரு வாரம்கூட ஆகலையே, எப்படி? வீட்டுல வாட்டர் வாஷ் வேற பண்ணியிருக்கான் பயல். பேட்டரியில நேரடியா ஒரு வயர் கொடுத்து, சாவியை எடுத்தாலும் சாக்கெட்டுல கரண்ட் இருக்கிற மாதிரி செய்யச் சொல்லியிருக்கான். அதுதான் வினை. நனைஞ்ச உலோகம் சும்மா கிடந்தா மெதுவா அரிக்கும். அதுல 12 வோல்ட் நின்னுச்சுன்னா ப்ளஸ் பக்கத்துச் செம்பு மளமளன்னு கரையும். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில மார்க்குக்காகப் படிச்ச மின்னாற்பகுப்பேதான், உங்க ஹேண்டில்பார்ல ராத்திரி முழுக்க நடக்குது. அதனால சாக்கெட் எப்பவும் சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற மாதிரி இருக்கணும். பார்க்கிங்ல நனையுற வண்டிக்கு இது ஒண்ணே பாதி மருந்து.

சரி, ஐ.பி. 67 என்னாச்சு? இந்த நம்பரைக் கொஞ்சம் படிச்சா கடைக்காரன் நம்மளை ஏய்க்க முடியாது. முதல் எண் தூசிக்கு. 6ன்னா தூசியே நுழையாது. ரெண்டாவது தண்ணிக்கு. 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் மூழ்க வெச்சுப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். அது அசையாத தண்ணி. பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கு 5, 6ன்னு தனி டெஸ்ட் இருக்கு. 6க்கு நிமிஷத்துக்கு 100 லிட்டர் வேகத்துல அடிச்சுப் பார்ப்பாங்க. 7 பாஸ் பண்ணினது 6 பாஸ் பண்ணியிருக்கும்னு கட்டாயம் இல்லை. எதிர்க்காத்து மழையும், வாட்டர் வாஷ் பம்பும் பீய்ச்சி அடிக்கிற ரகம். இன்னொண்ணு, பல சாக்கெட்டுல அந்த நம்பரே ரப்பர் மூடி மூடியிருந்தாத்தான் செல்லும். மழையில கேபிளைச் சொருகிட்டுப் போனா, நம்பராவது ஒண்ணாவது!

அடுத்து வர்றதுதான் மலைக்காரங்களுக்கே உரிய மேட்டர். போடியில வாங்கின சிப்ஸ் பாக்கெட் போடிமெட்டுல பலூன் மாதிரி உப்பியிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? மேலே காத்தழுத்தம் கம்மி. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா பத்துல ஒரு பங்கு குறையும். இதையே திருப்பிப் போடுங்க. மேலே மூடின காலி வாட்டர் பாட்டில் கீழே வரும்போது நசுங்கிப் போயிருக்கும். உங்க சாக்கெட், ஃபாக் லைட், கண்ணாடி உள்ளே வேர்க்கிற மீட்டர் எல்லாமே அந்த பாட்டில்தான். ஏறும்போது உள்ளே இருக்கிற காத்து வெளியே போகும். இறங்கும்போது வெளிக்காத்தை உள்ளே உறிஞ்சும். அந்த நேரம் ஓட்டை ஓரத்துல தண்ணி நின்னா, காத்துக்குப் பதிலா தண்ணியை உறிஞ்சும். குளிர்ல உள்காத்து சுருங்குறதும் சேர்ந்துக்கும். எங்க லைட் ஏறும்போது போகாம இறங்கும்போது போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இதனாலதான் சிலிக்கான் பசையை அப்பி எல்லா ஓட்டையையும் அடைக்கிற வைத்தியம் மலையில பலிக்காது. எங்கேயோ ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் தண்ணி உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. சாக்கெட்டைக் கீழ்நோக்கிச் சாய்ச்சு மாட்டுங்க. தண்ணி வந்தாலும் வடிஞ்சு போகட்டும். வயர் மேலேயிருந்து நேரா சாக்கெட்டுக்குள்ள இறங்கக் கூடாது. கீழே ஒரு வளைவு தொங்கி, அப்புறம் மேலே ஏறி நுழையணும். வீட்டுக்கு வர்ற ஈ.பி. சர்வீஸ் வயரைப் பாருங்க. தண்ணி சொட்டிப் போகட்டும்னு அதே வளைவைத்தான் விட்டிருப்பாங்க.

மெக்கானிக் அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான புது பைக்குகள்ல கார்புரேட்டர் போயி, இன்ஜெக்‌ஷன், கம்ப்யூட்டர், சென்சார்னு ஆயிடுச்சு. “இவ்வளவு இருந்தும் கம்பெனி வயரிங் மழையில ஏன் சாகலை? ஒவ்வொரு கனெக்டருக்குள்ளயும் ரப்பர் சீல் இருக்கு. என்கிட்ட மழைக்காலத்துல வர்ற வண்டியில பாதி, நீங்க சுரண்டின இடத்துலதான் போயிருக்கு” அப்படின்னாரு. சுரண்டின வயருக்குள்ள தண்ணி புகுந்தா, செம்பு இழை வழியா உள்ளுக்குள்ளயே ஊர்ந்து போகும். வெளியே டேப் அழகா இருக்கும், உள்ளே கறுத்துக் கிடக்கும். போடி வெயில்ல அந்த டேப்போட பசையே இளகி வழிஞ்சிடும், அது தனி.

பயல் வண்டிக்கு அவர் திரும்பச் செஞ்சு கொடுத்ததைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். ஹெட்லைட் வயரைத் தொடவே இல்லை. பேட்டரி ப்ளஸ்ல இருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே மூணு ஆம்பியர் ஃப்யூஸ். சாதா யு.எஸ்.பி. சார்ஜர் ஒரு ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், அதுக்கு அது தாராளம். 15 ஆம்பியர் ஃப்யூஸுக்குப் பின்னாடி மெல்லிசு வயரை மாட்டினா ஃப்யூஸுக்கு முன்னாடி வயர்தான் எரியும். நடுவுல சாவி போட்டா இயங்குற ரிலே ஒண்ணு. ஜாயின்ட்டை நல்லா அழுத்தி, உள்ளே பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினாரு. கனெக்டர் ரப்பர்ல சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு. சாக்கெட் இப்ப சீட்டுக்கு அடியில. வாரண்டி இருக்கிற வண்டின்னா, வயரிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி வாரண்டி புக்கைப் படிச்சுக்குங்க.

உண்மையைச் சொல்லணும்னா, போடியில இருந்து மெட்டுக்குப் போக சாக்கெட்டே வேண்டாம் பாஸ். சட்டைக்குள்ள பாலிதீன் கவர்ல ஒரு பவர் பேங்க் போதும். நனைஞ்ச போனை மட்டும் உடனே சார்ஜ்ல போடாதீங்க. சாக்கெட்டுக்கு வந்த அதே களிம்பு போன் வாய்க்கும் வரும். அரிசி டப்பாவுல புதைக்கிறதும் வேண்டாம், ஆப்பிள் கம்பெனியே 2024ல அதைச் செய்யாதீங்கன்னு சொல்லிடுச்சு. துடைச்சு, வாயைக் கீழ்நோக்கித் தட்டி, காத்துல வையுங்க. ஏலக்காய் ஸ்டோர்ல வெச்சு உலர்த்தலாமான்னு ஒரு ஜூனியர் கேட்டான். காய் காயுற சூட்டுல போன் பேட்டரி கெட்டுப்போகும்டா தம்பி!

அவனே அடுத்து ஃபாக் லைட் மாட்டணும்னு நிக்கிறான். எங்கே வயர் எடுப்பேன்னு கேட்டேன். “ஹெட்லைட்ல இருந்துதாண்ணே...” சாவியை வாங்கி என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.