சிறுவயதுத் தண்டனையும் ஆயுட்காலத் தடையும்

புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரே, இளையோரே!

"பதினெட்டு வயதானால் எல்லாம் அழிந்துவிடும்" என்ற நம்பிக்கை இலண்டன்வாழ் எம்மவரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. பதின்மவயதுப் பிள்ளை கத்தியோடோ துப்பாக்கியோடோ பிடிபட்டுத் தண்டனை பெற்றால், பெற்றோர் அதனை முதலில் உறவினருக்கு மறைக்கின்றனர். ஈற்றில் தமக்குத் தாமே மறைத்துக்கொள்கின்றனர். சட்டமோ மறப்பதில்லை.

1968ஆம் ஆண்டின் சுடுகலன்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். மூன்றாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் எந்தச் சுடுகலனையும் தோட்டாவையும் வைத்திருத்தலாகாது. பதினெட்டு முதல் இருபது வயதுக்குள் இளங்குற்றவாளிகள் தடுப்பு நிலையத்துக்கு அத்தனை காலம் அனுப்பப்பட்டவருக்கும் இதுவே விதி. மூன்று மாதம் முதல் மூன்றாண்டுக்குட்பட்ட தண்டனையாயின், விடுதலையான நாளிலிருந்து ஐந்தாண்டுத் தடை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விதிக்கப்படும், தடுத்துவைத்துப் பயிற்றுவிக்கும் கட்டளைக்கும் அதே ஐந்தாண்டு. பாதிக் காலத்தில் வெளியே வந்தாலும், நீதிபதி விதித்த காலமே கணக்கு.

"துப்பாக்கி எமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இத்தடை, இங்கிலாந்தில் வளர்ந்தவர் எவரும் அனுமதிப்பத்திரமின்றி வாங்கக்கூடிய சாதாரணக் காற்றுத் துப்பாக்கிக்கும் பொருந்தும். பட்டம் பெற்று நல்ல வேலையில் அமர்ந்த இளைஞன், அலுவலகத்தாரோடு கென்ற் பக்கம் சென்று, வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் துப்பாக்கியைக் கையிலெடுத்தால், அதுவே புதிய குற்றம். உச்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை. தடையை அறிந்து துப்பாக்கியைக் கொடுத்தவரும் குற்றவாளியே. வீட்டில் மறைத்த கதை இவ்வாறுதான் வெளியே வந்து கடிக்கும்.

அமெரிக்கப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு "எனது ஆயுத உரிமையை மீளத் தருக" என்னும் இளையோருக்கும் ஒரு சொல். பிரித்தானியாவில் அப்படியோர் உரிமை இல்லை. 1996இல் டன்பிளேன் பாடசாலையில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. 2011 மார்ச்சில் ஸ்ரொக்வெல்லில் தமிழர் கடையொன்றினுள் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுத் தமிழ்ச் சிறுமி, இளைஞர் குழுவொன்றின் குண்டுபட்டு நடக்கும் ஆற்றலை இழந்தாள். இதனைக் கண்ட சமூகம் துப்பாக்கிக்காக வழக்காடப் போவதில்லை.

எமது வழக்கு வேறு. பத்தொன்பது வயதில் தவறியவனை நாற்பத்தைந்து வயதிலும் அதே பையனாகவே கருதுவது எவ்வகை நீதி? அவன் மாறிவிட்டானா என்று அரசு தானாக ஒருபோதும் கேட்பதில்லை. ஆயினும் அதே பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது: தடையை நீக்குமாறு கிரவுண் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீக்கப்படும் என்ற உறுதி இல்லை. நீக்கப்பட்டாலும் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் தருவதா இல்லையா என்பதைப் பொலிஸ் தலைமையதிகாரியே முடிவுசெய்வார்; அவ்விண்ணப்பத்தில் காலாவதியான பழைய தண்டனைகளையும் எழுத வேண்டும். எனினும், பழையதை ஒளிக்காமல் நீதிபதியின் முன்னே சென்று, "அன்று அப்படி, இன்று இப்படி" என்று ஆதாரத்தோடு நிற்பதற்கு ஒரு பெறுமதி உண்டு. "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சி வாய்மூடும் குடும்பம் அக்கதவைத் தட்டப்போவதில்லை.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. தண்டனை விதிக்கும் நாளிலேயே தடையின் முடிவுத் திகதியைப் பெற்றோருக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தருக. இருபத்தொரு வயதுக்குள் தண்டனை பெற்றோரின் ஆயுட்காலத் தடையைக் குறித்த காலத்தின் பின் தானாகவே மீளாய்வு செய்க.

அதுவரை, பெற்றோரே, பெட்டிக்குள் பூட்டிவைத்த தீர்ப்புத் தாளை வெளியே எடுங்கள். விடுதலைத் திகதியோடு ஐந்தாண்டைக் கூட்டி மகனிடம் சொல்லுங்கள். தாளில் மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் என்றிருந்தால், குற்றவியல் சட்டத்தரணி ஒருவரிடம் அவனையும் அழைத்துச் செல்லுங்கள்.