நடுநிலை வாக்காளர்களைக் கவர்தல் (பிரித்தானிய அரசியல்)

பிரித்தானிய அரசியலில் நடுநிலை வாக்காளர்களைக் கவர்தல் என்பது, ஒரு கட்சித் தலைவர் தமது கட்சியின் உறுதியான ஆதரவாளர்களைத் தாண்டி, எந்தக் கட்சியையும் நிலையாகச் சாராத மிதவாத வாக்காளர்களின் ஆதரவைப் பெறும் பொருட்டு, கட்சியின் கொள்கையையும் மொழியையும் தோற்றத்தையும் மாற்றியமைப்பதைக் குறிக்கும். இடதுசாரிச் சார்புடைய தொழிற்கட்சி, வலதுசாரிச் சார்புடைய பழமைவாதக் கட்சி ஆகிய இரண்டும் இவ்வுத்தியைக் கையாண்டுள்ளன. டோனி பிளேர் (1997), டேவிட் கேமரன் (2010), கெய்ர் ஸ்டார்மர் (2024) ஆகியோர் எதிர்க்கட்சித் தலைவர்களாக இருந்து பிரதமர் ஆனது பெரும்பாலும் இவ்வழியிலேயே எனலாம்.

தேர்தல் முறையும் வாக்குக் கணக்கும்

ஐக்கிய இராச்சியத்தின் மக்களவையில் தற்போது 650 தொகுதிகள் உள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் மற்றவர்களை விடக் கூடுதலான வாக்குகளைப் பெறுபவர் வெற்றி பெறுவார். பாதிக்கு மேல் பெறவேண்டும் என்ற தேவை இல்லை. (இந்திய மக்களவைத் தேர்தலில் பின்பற்றப்படுவதும் பிரித்தானியாவிடமிருந்து பெறப்பட்ட இதே முறைதான்.) பல தொகுதிகள் நீண்ட காலமாக ஒரே கட்சியின் கோட்டைகளாக இருப்பதால், இழுபறியான தொகுதிகளில் மனம் மாறக்கூடிய வாக்காளர்களே வழக்கமாக ஆட்சியைத் தீர்மானித்து வந்துள்ளனர்.

ஒரு தொகுதியில் 'அ' கட்சி 21,000 வாக்குகளும், 'ஆ' கட்சி 19,000 வாக்குகளும் பெற்றதாகக் கொள்வோம். 'அ' கட்சிக்கு வாக்களித்தவர்களில் 1,001 பேர் 'ஆ' கட்சிக்கு மாறினால் முடிவு மாறிவிடும். ஆனால் வாக்களிக்காமல் இருந்தவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்து அதே வெற்றியைப் பெறுவதற்கு 2,001 பேர் தேவை. அதாவது, எதிர்த்தரப்பிலிருந்து மாறி வரும் ஒருவர் இரு வாக்குகளுக்குச் சமம். அவரை ஈர்க்கும் முயற்சியில் சொந்த ஆதரவாளர் ஒருவர் மனம் வெறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டாலும் கணக்கில் இலாபமே. கட்சித் தலைவர்கள் தமது தொண்டர்களைப் பகைத்துக்கொள்ளத் துணிவதன் அடிப்படை இதுவே.

இதனை ஒரு கோட்பாடாக வகுத்தவர்கள் பொருளியலாளர்கள். இசுக்காட்லாந்தைச் சேர்ந்த டங்கன் பிளாக் 1948இல் முன்வைத்த இடைநிலை வாக்காளர் தேற்றத்தை, அமெரிக்கரான அந்தோனி டவுன்சு 1957இல் கட்சிப் போட்டிக்கு விரித்துப் பயன்படுத்தினார். கருத்துகள் அனைத்தும் இடம்–வலம் என்ற ஒரே கோட்டில் அமைந்து, போட்டியிடும் கட்சிகள் இரண்டாகவும் இருந்தால், அக்கோட்டின் நடுவில் நிற்கும் வாக்காளரை நோக்கி இரண்டு கட்சிகளும் நகரும் என்பது இதன் சாரம். பிரித்தானியாவில் இவ்விரு நிபந்தனைகளும் முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதைப் பின்வரும் வரலாற்றில் காணலாம்.

முன்வரலாறு

1950களில் இரு பெரும் கட்சிகளின் பொருளாதாரக் கொள்கைகளும் நெருங்கியே இருந்தன. 1959 தேர்தலில் தோற்ற பின்னர், தொழிற்கட்சித் தலைவர் ஹியூ கெயிட்சுகெல் கட்சி விதியின் நான்காம் பிரிவை மாற்ற முயன்று தோல்வியுற்றார். உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று கூறும் இப்பிரிவு 1918 முதல் இருந்து வந்தது.

மார்கரெட் தாட்சர் நடுவை நோக்கி நகரவில்லை. நடுவைத் தம் பக்கம் நகர்த்தினார். 1980ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின் மூலம் உள்ளாட்சி மன்ற வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமை பெற்றனர். தொழிற்கட்சிக்கு வழமையாக வாக்களித்த குடும்பங்கள் பலவற்றின் நலன் இதனால் மாறியது. அதே காலத்தில் தொழிற்கட்சி இடப்புறம் நகர, அதன் முன்னாள் அமைச்சர்கள் நால்வர் 1981இல் பிரிந்து சமூக சனநாயகக் கட்சியைத் தொடங்கினர். 1983 தேர்தலில் தொழிற்கட்சி 27.6% வாக்குகளும் 209 இடங்களும் பெற்றது. சமூக சனநாயகக் கட்சியும் லிபரல் கட்சியும் சேர்ந்த கூட்டணி 25.4% பெற்றும் 23 இடங்களையே வென்றது. நடுநிலையில் நிற்பது மட்டும் வெற்றியைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

டோனி பிளேர்

நீல் கின்னொக்கும் ஜான் சுமித்தும் தொடங்கிய மாற்றங்களை 1994இல் தலைவரான பிளேர் விரைவுபடுத்தினார். கெயிட்சுகெல்லால் முடியாத நான்காம் பிரிவு மாற்றத்தை 1995 ஏப்ரலில் சிறப்பு மாநாடு கூட்டி நிறைவேற்றினார். தொழிற்கட்சி ஆட்சிகள் எவையும் எல்லாத் தொழில்களையும் பொதுவுடைமையாக்கியதில்லை. ஆகவே நடைமுறையில் இம்மாற்றத்தால் விளைந்தது மிகக் குறைவு. அதன் பயன் வேறு. தேர்தல் வாக்குறுதிகளை எவரும் அளிக்கலாம், அதற்குச் செலவு இல்லை. சொந்தக் கட்சியுடன் மோதுவதற்கோ பெரும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். விலை கொடுத்துச் செய்த ஒன்றையே ஐயத்துடன் பார்க்கும் வாக்காளர் நம்புகிறார்.

வருமான வரியின் அடிப்படை விகிதமும் உயர் விகிதமும் கூட்டப்படா, முதல் இரண்டு ஆண்டுகள் பழமைவாத அரசின் செலவுத் திட்டமே பின்பற்றப்படும் என்று 1997 சனவரியில் கார்டன் பிரவுன் அறிவித்தார். குற்றங்களைக் கடுமையாகக் கையாளுதல் என்ற பழமைவாதிகளின் பேசுபொருளையும் கட்சி தனதாக்கிக் கொண்டது. இடதுசாரிகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று கூறுவது சரியன்று. குறைந்தபட்ச ஊதியமும், இசுக்காட்லாந்து, வேல்சு ஆகியவற்றுக்கான அதிகாரப் பகிர்வும் இந்த ஆட்சியிலேயே வந்தன. அக்காலத்துப் பிளேரை, விலைமதிப்பற்ற மிங் காலச் சீனக் குடுவையை வழுக்கும் தரையில் சுமந்து செல்பவருக்கு ஒப்பிட்டார் ராய் செங்கின்சு.

1997இல் தொழிற்கட்சி 43.2% வாக்குகளுடன் 418 இடங்களைப் பெற்றது. ஆனால் 2005இல் ஈராக் போரின் நிழலில் 35.2% ஆகச் சுருங்கியது; போரை எதிர்த்த லிபரல் சனநாயகக் கட்சி 62 இடங்களை வென்றது.

டேவிட் கேமரன்

தொடர்ந்து மூன்று தேர்தல்களில் தோற்ற பழமைவாதக் கட்சியின் தலைமையைக் கேமரன் 2005 திசம்பரில் ஏற்றார். சுற்றுச்சூழலையும் தேசிய நலச் சேவையையும் முன்னிறுத்தினார்; 2006இல் நார்வேயின் சுவால்பார்டில் பனிச்சறுக்கு நாய்களுடன் படமெடுத்துக் கொண்டார்; கட்சிச் சின்னமான தீப்பந்தத்தை மரமாக மாற்றினார். 2010இல் 36.1% வாக்குகள் பெற்றும் பெரும்பான்மை கிட்டாததால், லிபரல் சனநாயகக் கட்சியுடன் கூட்டணி ஆட்சி அமைத்தார்.

ஒருபாலினத் திருமணச் சட்டம் 2013 பெப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பழமைவாத உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். கட்சியின் வலப்புறத்தில் ஐக்கிய இராச்சிய விடுதலைக் கட்சி வளர்ந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பது பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக அதே ஆண்டு சனவரியில் அவர் உறுதியளித்ததற்கு இந்த அழுத்தமும் ஒரு காரணம். 2016இல் 51.9% பேர் விலக வாக்களித்தனர். கேமரன் பதவி விலகினார். 2019இல் போரிசு ஜான்சன், விலகலில் உறுதியையும் பொதுச் செலவில் தாராளத்தையும் இணைத்து 365 இடங்களை வென்றார். இடம்–வலம் என்ற ஒற்றைக் கோட்டில் இந்நிலைப்பாட்டை எங்கே குறிப்பது என்பது எளிதில் விடை காண இயலாத கேள்வி.

கெய்ர் ஸ்டார்மர்

ஸ்டார்மர் 2020 ஏப்ரலில் தலைவரானபோது கட்சி உறுப்பினர்களுக்கு அளித்த பத்து உறுதிமொழிகளில் சிலவற்றைப் பின்னர் கைவிட்டார். ஆண்டுக்கு 28 பில்லியன் பவுண்டு பசுமை முதலீடு என்ற 2021ஆம் ஆண்டுத் திட்டம் 2024 பெப்ரவரியில் சுருக்கப்பட்டது. முன்னாள் தலைவர் செரமி கோர்பின் கட்சி வேட்பாளராக நிற்க அனுமதிக்கப்படவில்லை. பிளேரின் சீனக் குடுவை மீண்டும் நாளிதழ்களில் இடம்பெற்றது.

இதன் பயனை எண்களைக் கொண்டு அளப்பது நல்லது. 2017இல் கோர்பின் தலைமையில் தொழிற்கட்சி பெற்றது 40.0% வாக்குகள், 262 இடங்கள். 2024இல் பெற்றது 33.7% வாக்குகள், 411 இடங்கள். மொத்த வாக்குகளும் 2019இல் பெற்ற ஏறத்தாழ 1.03 கோடியிலிருந்து 97 இலட்சமாகக் குறைந்தன. பழமைவாதக் கட்சி 43.6%இலிருந்து 23.7%க்கு வீழ்ந்ததும், ரிஃபார்ம் கட்சி 14.3% வாக்குகளைப் பிரித்ததும், தொழிற்கட்சி வாக்குகள் தேவையான தொகுதிகளில் சரியாகப் பரவியிருந்ததும் இவ்வெற்றியின் காரணங்கள். இதை நடுநிலையாளர்கள் திரண்டு வந்து அளித்த வெற்றி என்று விவரிப்பது மிகை.

முன்னர் கூறிய வாக்குக் கணக்கின் குறையும் இத்தேர்தலில் வெளிப்பட்டது. மனம் வெறுத்த ஆதரவாளர் வீட்டில் இருந்தால் இழப்பு ஒரு வாக்கு. அவர் செல்லும் இடமே முதன்மைப் போட்டியாளராக மாறிவிட்டால் இழப்பு இரண்டு. காசாப் போர் குறித்த அதிருப்தியால், பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட லெசுட்டர் தெற்குத் தொகுதி சுயேச்சை வேட்பாளரிடம் போனது. பிரிசுட்டல் மத்தியத் தொகுதியில் தங்கம் டெபனேர் பசுமைக் கட்சியிடம் தோற்றார். இசுலிங்டன் வடக்கில் கோர்பின் சுயேச்சையாக நின்று வென்றார்.

2025 மே மாதத்தில் நடந்த ரன்கார்ன்–எல்சுபி இடைத்தேர்தலில் தொழிற்கட்சி 6 வாக்குகளில் ரிஃபார்ம் கட்சியிடம் தோற்றது. முந்தைய ஆண்டு அங்கு அதன் வாக்கு வேறுபாடு சுமார் 14,700. அதே ஆண்டு அக்டோபரில் வேல்சு நாடாளுமன்றத்துக்கான கார்ஃபிலி இடைத்தேர்தலில் வேல்சு தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரி வென்றது. ரிஃபார்ம் இரண்டாம் இடம் பெற, அத்தொகுதியை 1999 முதல் வைத்திருந்த தொழிற்கட்சி 11% வாக்குகளுடன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.