'செய்தாகிவிட்டது' என்றால் சான்று எங்கே?



வகுப்பறையைப் பற்றியே எழுதிவரும் நான் இன்று மகிழுந்தைப் பற்றி எழுதுகிறேன். காரணம் உண்டு.

என் முன்னாள் மாணவன் ஒருவன் அண்மையில் வீடு தேடி வந்தான். வேலையில் சேர்ந்து ஈராண்டு ஆகிறது. பழைய வோக்ஸ்வேகன் சிரோக்கோ ஒன்றை வாங்க எண்ணியிருந்தான். கூட்டுறவுக் கடனுக்கு நான் பிணைக் கையெழுத்து இட வேண்டும் என்றான்.

"கியர் பெட்டியைப் பழுது பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"எல்லாம் செய்தாகிவிட்டது ஐயா. விற்பவர் நமக்குத் தெரிந்தவர்தான்," என்றான்.

அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் நாட்டில் விற்கப்பட்ட 1.4 லிட்டர் சிரோக்கோவில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி. அதில் இரண்டு உலர் கிளட்சுகள் உண்டு. அவற்றை இயக்குவது மெக்கட்ரானிக் எனும் கட்டுப்பாட்டுப் பகுதி. 2013 நவம்பரில் இவ்வகைப் பெட்டி கொண்ட ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகளை அந்நிறுவனம் உலகெங்கும் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் மின்கோளாறு ஏற்படக்கூடும் என்பதால், செயற்கை எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் ஊற்றப்பட்டது. நம் நாட்டின் தட்பவெப்பம் எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே, 'செய்தாகிவிட்டது' என்றால் எது? எண்ணெய் மாற்றியதா? கிளட்சு மாற்றியதா? மெக்கட்ரானிக் புதிதா? அல்லது 'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய பழைய பெட்டியைத் தூக்கி வைத்ததா? நான்கிற்கும் செலவு வேறு, ஆயுள் வேறு. விற்பவர் வாயில் மட்டும் நான்கும் ஒரே சொல்.

இரசீதைக் கேட்க வேண்டும். அதில் வண்டியின் சேசிஸ் எண், நாள், ஓடிய கிலோமீட்டர், மாற்றிய உதிரிப்பாகங்களின் எண்கள், பட்டறையின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். பின்பு அந்தப் பட்டறையையே அழைத்துக் கேட்க வேண்டும். திரும்ப அழைக்கப்பட்டபோது உரிய பணி நடந்ததா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து முகவர் நிலையத்தில் விசாரிக்கலாம். இறுதியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் கணினியை இணைத்துக் கோளாறுக் குறியீடுகளையும் கிளட்சின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு முறையும் சோதிப்பது நன்று. சூடேறிய பின்னரே வெளிப்படும் குறைகளும் உண்டு.

உரிமை மாற்றத்திற்கான பி5 சோதனையே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சோதனையில் யாரும் கியர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. வணிகரிடம் வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 2019 முதல் அங்கு 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் தனியாள் ஒருவர் தம் சொந்த வண்டியை விற்றால் அவ்வழி இல்லை. 'தெரிந்தவர்' பெரும்பாலும் அந்தத் தனியாள்தான்.

மாணவன் இரசீதைக் கொண்டு வந்தான். கையால் எழுதிய ஒரே வரி. சேசிஸ் எண் இல்லை. பட்டறையை அழைத்தோம். எண்ணெய் மாற்றி, எச்சரிக்கை விளக்கை அணைத்ததாக மட்டும் சொன்னார்கள். நான் கையெழுத்து இடவில்லை. அவனுக்கு வருத்தம்தான்.

பழுது பார்த்த வண்டி இழிவானதன்று. முறையாகப் பழுது பார்த்து, இரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருப்பவரின் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். மறைக்கப்பட்ட பழுதே நம்மைக் கடனில் ஆழ்த்துகிறது.

தெரிந்தவரிடம் சான்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் சமூகம் இன்னும் எண்ணுகிறது. கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதினால் நாம் முழு மதிப்பெண் தருவதில்லை. வழிமுறையையும் காட்டச் சொல்கிறோம். அது மாணவனை அவமதிப்பதாகுமா? பல ஆண்டு உழைப்பை விலையாகக் கொடுக்கும் இடத்திலும் அதையே கேட்போம்.