மீட்டரை மாத்தாதீங்கய்யா, எர்த்தைப் பாருங்க!

இன்னிக்குக் கொஞ்சம் திட்டலாம்னு இருக்கேன். மெக்கானிக்கல் மக்கள் கோவிச்சுக்கக் கூடாது. ட்ரிபிள் ஈ மக்கள் சிரிக்கவும் கூடாது, உங்களுக்கும் கீழே இருக்கு :-)

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜ்களில் பின்னாடி ஒரு தகர ஷெட் இருக்கும். உள்ளே நம்ம பசங்க பைப் வளைச்சு, வெல்ட் அடிச்சு, ஒரு பழைய மாருதி 800 இன்ஜினையோ பைக் இன்ஜினையோ உட்கார வெச்சு, மேலே ஃபைபர் பாடி போட்டு ஒரு கார் கட்டிக்கிட்டிருப்பாங்க. இங்கிலாந்தில் இதுக்கு கிட் கார்னு பேரு. 1957ல் வந்த லோட்டஸ் செவன் காரை உதிரி உதிரியா வித்தாங்க, வீட்டிலேயே பூட்டிக்கிட்டா வரி மிச்சம். அங்கே கிட் கார்க்காரங்களுக்குச் செல்லமான சேசிஸ்களில் ஒண்ணு ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதாவது நம்ம வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1960களில் செஞ்ச அதே ஹெரால்டு! இங்கே அப்படிக் கட்டின காரை ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. ஆபீஸ் சும்மா விடாது, அதனால ஷெட்டும் ரேஸ் டிராக்கும்தான் கதி. அது தனிக் கதை.

நான் சண்டைக்கு வந்தது டாஷ்போர்டுக்காக. எந்த ஷெட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் ஒரு முள்ளாவது செத்துக் கிடக்குது. கேட்டா ஒரே பதில்: "மீட்டர் போச்சு மச்சி, புதுப்பேட்டை போகணும்." ஒரு டீம் (பேர் வேணாம்) ஒரே செமஸ்டரில் மூணு பெட்ரோல் மீட்டர் வாங்கினாங்க. மூணும் "போச்சு". மூணு மீட்டரும் வரிசையா செத்துப் போச்சுன்னு நம்பறவங்க, கொலைகாரன் வேற எங்கேயோ இருக்கான்னு ஏன் யோசிக்க மாட்டேங்கறீங்க?

கொலைகாரன் பெரும்பாலும் எர்த். கம்பெனிக் காரில் பாடியே இரும்பு. மீட்டருக்குப் போன கரண்ட் அந்த இரும்பு வழியாவே பேட்டரி நெகட்டிவ்க்குத் திரும்பிடும், யாரும் கவலைப்பட வேண்டாம். ஃபைபர் பாடியில் திரும்பி வர வழி ஏது? சரி, சேசிஸில் ஒரு போல்ட் போட்டு எர்த் எடுத்தேன்னு சொல்வீங்க. அந்தச் சேசிஸுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் காசு கொடுத்து பவுடர் கோட்டிங் அடிச்சீங்களே, அது கரண்ட் கடத்துமா? உப்புத்தாள் எடுத்து அந்த இடத்தைப் பளபளன்னு தேய்ச்சீங்களா? "ஐயோ, பெயின்ட் போயிடும்!" போகட்டும்யா.

இதைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைங்க. கருப்பு புரோப் பேட்டரி நெகட்டிவில், சிவப்பு மீட்டரோட எர்த் முனையில். சாவியைத் திருப்பி ஹெட்லைட்டையும் போடுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை, மீட்டரைத் தொடவே வேண்டாம். ஹெட்லைட் எதுக்குன்னா, ரெண்டும் ஒரே எர்த்தில் தொங்கும். ஒத்தையடிப் பாதையில் லாரியை விட்ட மாதிரி அதோட கரண்ட் வந்ததும் மீட்டர் மூச்சு முட்டும். இண்டிகேட்டர் போட்டா பெட்ரோல் முள் தாளம் போடுதே, அதுவும் இதே வியாதிதான்.

பழைய பிரிட்டிஷ் வண்டி மீட்டர் மாட்டினவங்களுக்கு ஒரு வரி. அதுக்குப் பின்னாடி 10 வோல்ட் ஸ்டெபிலைசர்னு ஒரு குட்டி டப்பா இருக்கும். ஹீட் மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்தே அதிகமா காட்டினா, அந்த டப்பாவோட எர்த்தை முதலில் பாருங்க.

எர்த் சரியா இருந்தும் தப்பா காட்டுதா? அப்போ ஜோடிப் பொருத்தம் பாருங்க. ஐரோப்பிய பாணி டேங்க் யூனிட் ஒண்ணு, காலியா இருந்தா 10 ஓம், நிரம்பினா 180 ஓம். அமெரிக்க பாணி ஒண்ணு, காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும். அதை இதோட கோர்த்தா ஃபுல் டேங்க் காலின்னு காட்டும். மீட்டரும் நல்லது, யூனிட்டும் நல்லது, கல்யாணம்தான் தப்பு.

ஆர்பிஎம் மீட்டர் இன்னும் மோசம். மாருதி 800க்கு மூணு சிலிண்டர். அதில் நாலு சிலிண்டர் மீட்டரை மாட்டினா, இன்ஜின் 6000ல் கதறும்போது முள் 4500ல் சாவகாசமா நிக்கும். ஓட்டறவன் இன்னும் மிதிப்பான்.

ஆனா எனக்கு உண்மையிலேயே கோபம் வர்றது ஹீட் மீட்டர் விஷயத்தில். அந்த சென்சாருக்குள் இருக்கிற தெர்மிஸ்டருக்குச் சூடு ஏற ஏற ஓம் குறையும். அப்போ ஒயர் அறுந்து போனா? ஓம் எக்கச்சக்கம், முள் "குளிர்ச்சி"யில் போய்ப் படுத்துக்கும். சில சமயம் சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமா சுத்தி எர்த்தை அறுத்தாலும் அதே கதைதான். அதாவது மீட்டர் செத்துட்டா, உங்களுக்குப் பிடிச்ச செய்தியைத்தான் சொல்லும்! இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மே மாச வெயிலில் நாலு சுத்து சுத்தினப்புறமும் முள் அடியிலேயே இருந்தா, "பாரு நம்ம கூலிங்கை!"ன்னு கை தட்டறாங்க. ஹெட் காஸ்கெட் போனப்புறம்தான் ஒயரைத் தேடறாங்க. அந்தக் காசு பசங்க வீட்டுக் காசுங்க.

"போட்டி நெருங்கிடுச்சு, இதுக்கெல்லாம் நேரம் ஏது"ன்னு ஒருத்தர் சண்டை போட்டார். ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, புதுப்பேட்டையில் பேரம் பேசித் திரும்ப அரை நாள் இருக்கு, அஞ்சு நிமிஷம் இல்லையாம். 1983 ஜூலை 23 அன்னிக்கு ஏர் கனடாவோட போயிங் 767 ஒண்ணு 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்னுச்சு. எரிபொருள் அளவு காட்டற கருவிக்குள் ஒரு மோசமான சால்டரிங். மீட்டர் வேலை செய்யலை, பரவாயில்லைன்னு குச்சி விட்டு அளந்தாங்க. கணக்கில் கிலோவுக்குப் பதிலா பவுண்டு புகுந்துடுச்சு. பைலட் புண்ணியத்தில் கிம்லிங்கிற பழைய விமான தளத்தில் மிதந்து வந்து இறங்கி 69 பேரும் பிழைச்சாங்க. அந்த ஓடுபாதையில் அன்னிக்கு என்ன நடந்துக்கிட்டிருந்தது தெரியுமா? கார் ரேஸ்! (நம்ம பழைய சோழவரம் மாதிரி.)

இப்போ ட்ரிபிள் ஈ மக்களே, வாங்க. வீட்ஸ்டோன் பிரிட்ஜை எத்தனை தடவை அப்சர்வேஷன் நோட்டில் வரைஞ்சீங்க? வைவாவில் மார்க் வாங்கினீங்க. ஆனா மெக்கானிக்கல் ஷெட்டில் ஒரு முள் அசையலைன்னா "அது அவங்க புராஜெக்ட்"னு கேன்டீனுக்குப் போறீங்க. அவங்களுக்கு ஓம் தெரியாது, உங்களுக்கு ஷெட் தெரியாது. ரெண்டு டிபார்ட்மென்டுக்கும் நடுவில் அறுந்து கிடக்கிற ஒயருக்கு யார் எச்.ஓ.டி.?

டிராக்குக்குப் போற முன்னாடி ஹீட் மீட்டரோட சென்சார் ஒயரைக் கழட்டுங்க, முள் அடிக்குப் போகணும். ஒரு 33 ஓம் ரெசிஸ்டரை நடுவில் வெச்சு எர்த்தில் ஒரு நொடி தொடுங்க, முள் மேலே கிளம்பணும். ரெண்டும் நடந்தா மீட்டர் நல்லது, புதுப்பேட்டைக் காசு மிச்சம். அமெரிக்க பாணி பெட்ரோல் மீட்டருக்கும் இதே சோதனைதான் (ஐரோப்பிய பாணியில் முள் தலைகீழாப் போகும்), ஆனா மீட்டருக்குப் பின்னாடி செய்யுங்க. டேங்க் மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு யூனிட் பக்கத்தில் ஒயரை உரசினா, அப்புறம் ஷெட்டே இருக்காது.