மாம்பழம் ப்ராப்பர் நவுனா?

"ப்ராப்பர் நவுன்னா சிறப்புப்பெயர்"னு மனப்பாடம் பண்ணித்தானே பாஸானோம்? அது தப்பு மக்களே! நன்னூல் வழி இலக்கணத்துல மரம் இடுகுறிப் பொதுப்பெயர். மா, பலா இடுகுறிச் சிறப்புப்பெயர். அதை நம்பி ஒன்பதாவதுல மேங்கோவை ப்ராப்பர் நவுன்னு எழுதினேன், மார்க் போச்சு. இங்கிலீஷ்ல மேங்கோவும் காமன் நவுன்தான். அங்கே கேள்வியே வேற: சொல் ஒரு வகையைக் குறிக்குதா, குறிப்பிட்ட ஒண்ணையா?

நம்ம காளவாசலையே எடுத்துக்குங்க. செங்கல் சுடுற எந்தக் காளவாசலும் காமன் நவுன். பஸ்ல கண்டக்டர் "காளவாசல்லாம் எறங்கு"ன்னா அது மதுரையில ஒரே இடம், ப்ராப்பர் நவுன். இங்கிலீஷ்ல எழுதினா கேபிடல் லெட்டர் காட்டிக்கொடுக்கும். தமிழ் எழுத்துல அந்த வசதி இல்ல. இதை விளக்காம ஒத்தைச் சொல் மொழிபெயர்ப்பைக் கொடுத்துட்டு, குழம்புற பசங்களை மக்குன்னு திட்டுறது எந்த ஊர் நியாயம்?